விடை சரியாகச் சொல்லியும் ஏன் ரிஜெக்ட்? பெரிய டெக் கம்பெனி இன்டர்வியூவில் நடப்பது என்ன

“கேள்விக்கு விடை சொல்லிட்டேன், எழுதின புரோகிராம் கோடும் ஓடிச்சு, ஆனா ரிஜெக்ட் பண்ணிட்டாங்க.” பெரிய டெக் கம்பெனிகளின் இன்டர்வியூவுக்குப் போய்வந்தவர்களிடம் நான் அதிகமாகக் கேட்ட பேச்சு இதுதான். முதல் தடவை எனக்கும் இதேதான் நடந்தது, எங்கே கோட்டைவிட்டேன் என்று தெரியாமல் இரண்டு வாரம் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். பல வருடங்கள் கழித்து, வேறொரு இடத்தில், கேள்வி கேட்கிற பக்கம் உட்கார ஆரம்பித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. வீடியோ கால் முடிந்ததும் உங்களுக்கு இன்டர்வியூ முடிந்துவிடுகிறது, கேள்வி கேட்டவருக்கு முடிவதில்லை. அவர் இனிமேல்தான் உட்கார்ந்து எழுத வேண்டும்.

என்ன எழுதுவார்? என்ன கேள்வி கேட்டேன், வந்தவர் முதலில் என்ன சொன்னார், எந்த இடத்தில் தடுமாறினார், எத்தனை ஹின்ட் கொடுக்க வேண்டியிருந்தது, கோடில் இருந்த தப்பை அவரே பிடித்தாரா இல்லை நான் சுட்டிக்காட்டினேனா, இப்படி வரிசையாக ஒரு படிவத்தில் நிரப்பி, கடைசியில் எடுக்கலாம் அல்லது வேண்டாம் என்று ஒரு பரிந்துரை. அந்தப் பரிந்துரையோடு கதை முடிவதும் இல்லை. கூகுளில் பல வருடங்களாக ஹையரிங் கமிட்டி என்று ஒன்று இருக்கிறது, உங்களை ஒரு தடவைகூடப் பார்த்திராத ஆட்கள் அந்தக் குறிப்புகளை மட்டும் படித்துவிட்டு முடிவெடுக்கிறார்கள். அமேசானில் 1999 முதல் ‘பார் ரெய்சர்’ என்ற ஏற்பாடு: ஆள் தேவைப்படுகிற டீமுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் இன்டர்வியூவில் உட்கார்ந்து, பிறகு எல்லோருடைய குறிப்புகளையும் வைத்து நடக்கும் பேச்சை நடத்துவார். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

ஆக, உங்கள் தலைவிதி அந்த ஒன்றிரண்டு பக்கக் குறிப்பில் இருக்கிறது. தயாராவது என்றால் அந்தக் குறிப்பில் நல்லதாக என்ன எழுத முடியும் என்று யோசித்து, அதற்கு வேண்டிய சரக்கை இன்டர்வியூவின் 45 நிமிடத்துக்குள் கேட்பவர் கையில் கொடுக்கப் பழகுவது. விடை அதில் ஒரு வரி, அவ்வளவுதான்.

இப்படி ஒரு முறை எப்படி வந்தது என்பதும் தெரிந்திருப்பது நல்லது, ஏனென்றால் இந்த வரலாற்றில்தான் இன்றைய கேள்விகளின் காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் புதிர்தான் கேட்பார்கள். சாக்கடை மூடி ஏன் வட்டமாக இருக்கிறது என்பது மைக்ரோசாஃப்ட்டோடு சேர்த்தே பேசப்பட்ட கேள்வி, ஒரு விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து அடங்கும் என்பது கூகுள் ரகம். கூகுளில் அப்போது ஆள்சேர்ப்புப் பொறுப்பில் இருந்த லாஸ்லோ பாக் 2013இல் நியூயார்க் டைம்ஸ் பேட்டியில் இந்தப் புதிர்கள் முழுக்க வீண் வேலை, எதையும் கணிக்க உதவாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். ஆய்வுகள் இதைப் பற்றி ரொம்ப நாளாகவே பேசிக்கொண்டிருந்தன. எந்தத் தேர்வு முறை வேலையில் ஒருவர் எப்படிச் செய்வார் என்பதை ஓரளவு சரியாகச் சொல்கிறது என்று ஷ்மிட், ஹண்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் எழுதினார்கள். 2022இல் சாக்கெட் என்ற ஆய்வாளரின் குழு அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தபோது பட்டியலில் மேலே வந்து நின்றது கட்டமைக்கப்பட்ட இன்டர்வியூ. அதாவது எல்லோருக்கும் ஒரே மாதிரி கேள்வி, முன்கூட்டியே எழுதி வைத்த ஒரே அளவுகோல். கூகுள் தன் பழைய தரவுகளைப் பார்த்து, நான்கு இன்டர்வியூ போதும், அதிலேயே 86 சதவீத நம்பிக்கையோடு முடிவெடுக்கலாம், அதற்கு மேல் நடத்துவதில் பெரிய பயன் இல்லை என்றும் கண்டுபிடித்தது.

படிவமும் அளவுகோலும் இங்கிருந்து வந்தவை. இதனால் கேட்பவரின் மூட், உங்கள் கல்லூரியின் பெயர் போன்றவற்றின் பிடி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, அதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. இந்தக் கம்பெனிகளின் கணக்கில் ஒரு நல்ல ஆளைத் தவறவிடுவதைவிடத் தவறான ஆளை எடுப்பது பெரிய நஷ்டம், அதனால் சந்தேகம் வந்தாலே வேண்டாம் என்றுதான் சாய்வார்கள். மேக் கம்ப்யூட்டர்களில் புரோகிராமர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ஹோம்ப்ரூவை உருவாக்கிய மேக்ஸ் ஹவல், 2015இல் தன்னைக் கூகுள் நிராகரித்ததைப் பற்றி ட்விட்டரில் கொட்டித் தீர்த்தது நினைவிருக்கும்: உங்கள் எஞ்சினியர்கள் நான் எழுதியதைத்தான் பயன்படுத்துகிறார்கள், ஆனால் ஒயிட்போர்டில் ஒரு பைனரி ட்ரீயை (ஒவ்வொரு முனையிலிருந்தும் அதிகபட்சம் இரண்டு கிளை பிரியும் தரவு அமைப்பு) தலைகீழாக்கத் தெரியாததால் நான் வேண்டாமாம் என்ற தொனியில். அவருக்கே அப்படி என்றால், ஒரு ரிஜெக்ஷனை வைத்து உங்கள் திறமைக்கு நீங்களே மார்க் போட்டுக்கொள்ளாதீர்கள். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, அந்த முறை அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

சரி, கோடிங் சுற்றுக்கு வருவோம். எல்லோருக்கும் தெரிந்த எளிய கேள்வியையே எடுத்துக்கொள்ளலாம்: எண்களின் பட்டியல் ஒன்று தரப்பட்டிருக்கிறது, கூட்டினால் குறிப்பிட்ட ஒரு தொகை வரும் இரண்டு எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒருவர் கேள்வியைக் கேட்டதும் தலையாட்டிவிட்டு, ஆறு நிமிடம் ஒரு வார்த்தை பேசாமல் ஹேஷ் மேப் (போட்டு வைத்ததை உடனே தேடி எடுக்க உதவும் அட்டவணை) வைத்து எழுதி முடித்து, “முடிஞ்சுது” என்கிறார். கோட் சரி. இப்போது நான் என்ன எழுத முடியும்? ‘விடை சரி. ஏன் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தார் என்று தெரியவில்லை. ஏற்கனவே பார்த்த கேள்வியாக இருக்கலாம்.’ அவருக்கு எதிராக எனக்கு எதுவும் இல்லை, அவர் நிஜமாகவே கெட்டிக்காரராக இருக்கலாம், ஆனால் குறிப்பில் எழுத என் கையில் வேறு ஒன்றும் இல்லை.

இன்னொருவர் முதலில் கேட்கிறார்: எண்கள் வரிசைப்படுத்தப்பட்டு வருமா? நெகட்டிவ் எண் வருமா? ஒரே எண்ணை இரண்டு தடவை எடுத்துக்கொள்ளலாமா? ஜோடியே இல்லாவிட்டால் என்ன திருப்பித் தரணும்? பிறகு சொல்கிறார்: “ஒவ்வொரு ஜோடியாகப் பார்க்கலாம், ஆனா ஒரு லட்சம் எண் இருந்தா கிட்டத்தட்ட 500 கோடி ஜோடி வரும், அது தாங்காது. பார்த்த எண்களை ஒரு ஹேஷ் மேப்பில் போட்டுக்கிட்டே போனா ஒரே நடையில் முடியும், மெமரி கொஞ்சம் கூடும். வரிசைப்படுத்தியே வருதுன்னா அந்த மெமரியும் வேண்டாம், இரண்டு முனையிலிருந்தும் உள்ளே வந்தா போதும்.” எழுதும்போது நடுவில் நிற்கிறார்: “தொகை 6, பட்டியலில் 3 ஒரு தடவைதான் இருக்கு. எல்லாத்தையும் முதலில் மேப்பில் போட்டுட்டு அப்புறம் தேடினா 3 தன்னோடயே ஜோடி சேர்ந்துடும். அதனால தேடிப் பார்த்துட்டுத்தான் உள்ளே போடணும்.” இவருக்குக் குறிப்பு எழுத எனக்கு இடம் போதாது. இரண்டு பேரின் கோடும் கடைசியில் வரிக்கு வரி ஒன்றேதான்.

எழுதி முடித்த பிறகு கைப்படச் சோதித்துப் பார்ப்பதும் இதே மாதிரிதான், பெரும்பாலானோர் விட்டுவிடுகிற, குறிப்பில் பளிச்சென்று தெரிகிற ஒரு விஷயம். பைனரி சர்ச், அதாவது வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடுவது, எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம். அதன் முதல் வடிவம் 1946இல் வெளியானது, பிழையில்லாத வடிவம் அச்சில் வர 1962 ஆகிவிட்டது. கணினி விஞ்ஞானி ஜான் பென்ட்லி தொழில்முறை புரோகிராமர்களுக்கு நேரம் கொடுத்து எழுதச் சொன்னபோது பத்தில் ஒன்பது பேரின் கோடில் பிழை இருந்தது. அவரிடமே படித்த ஜோஷுவா பிளாக் ஜாவாவுக்காக எழுதிய பைனரி சர்ச்சிலும் ஒரு பிழை கிட்டத்தட்ட ஒன்பது வருடம் யார் கண்ணிலும் படாமல் இருந்தது, 2006இல் அவரே அதை ஊரறியச் சொன்னார். தப்பு ஒரே வரியில்: நடு இடத்தைக் கண்டுபிடிக்க தேடும் பகுதியின் தொடக்க இடமான லோவையும் முடிவு இடமான ஹையையும் கூட்டி இரண்டால் வகுப்பது. பட்டியலில் நூறு கோடிக்கு மேல் எண்கள் இருந்தால் அந்தக் கூட்டுத்தொகை 32 பிட் எண்ணின் உச்சமான 214 கோடிச் சொச்சத்தைத் தாண்டி நெகட்டிவாகிவிடும். லோவோடு, ஹைக்கும் லோவுக்குமான வித்தியாசத்தில் பாதியைக் கூட்டினால் இந்தச் சிக்கலே இல்லை. இவ்வளவு பெரிய ஆட்களுக்கே தப்பு வந்த இடம் இது என்பதால், முடித்ததும் காலிப் பட்டியல், ஒரே ஒரு எண், எல்லாம் ஒரே எண், தேடுவது கடைசியில் இருப்பது என்று நான்கு உதாரணங்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டிப் பாருங்கள். நீங்களே கண்டுபிடித்துத் திருத்திய பிழை குறிப்பில் உங்களுக்குச் சாதகமாகத்தான் போய்ச் சேரும்.

இதற்கெல்லாம் எப்படிப் பயிற்சி எடுப்பது? கோடிங் பயிற்சித் தளமான லீட்கோடில் 3,000க்கும் மேல் கேள்விகள் இருக்கின்றன, அத்தனையையும் முடிக்க நினைப்பது தேவையில்லாத பாரம். எண்ணிக்கை ஏற ஏற ஒரு திருப்தி வரும், அந்தத் திருப்தி ஆபத்தானது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் செய்த பரிசோதனை ஒன்று எனக்கு எப்போதும் ஞாபகம் வரும். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஒரு பக்கம், படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் இன்னொரு பக்கம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் எழுதிப் பார்த்தவர்கள் நன்றாக முந்தியிருந்தார்கள். பிறர் எழுதிய தீர்வைப் படித்து “ஆமா, புரிஞ்சுது” என்று அடுத்த கேள்விக்குப் போகிறோமே, அது முதல் ரகம். இன்டர்வியூ நடப்பதோ ஒரு வாரம் கழித்து, சில நேரம் இரண்டு மாதம் கழித்து.

அதனால் நான் சொல்வது, ஒரு கேள்வியோடு 30 நிமிடம் மல்லுக்கட்டுங்கள், வரவில்லையா, தீர்வைப் பாருங்கள், கூச்சமே வேண்டாம். பார்த்துவிட்டு அதை மூடி வைத்துவிட்டு வெறும் பக்கத்தில் நீங்களே எழுதுங்கள். ஏழு நாள் கழித்து அதே கேள்வியை மறுபடி புதிதாகப் போடுங்கள், அப்போது வந்தால்தான் அது உங்களுடையது. இப்படி 120, 150 கேள்விகள் போட்டவர்களை, 500 போட்டேன் என்கிறவர்களைவிட நான் அதிகம் நம்புவேன். ட்ரீ, கிராஃப், ஹீப், ஸ்லைடிங் விண்டோ, பேக்டிராக்கிங், டைனமிக் புரோகிராமிங் என்று பெரும்பாலான கேள்விகள் ஒரு பத்துப் பதினைந்து வகைக்குள்தான் சுற்றி வரும். கூடவே ஒரு தப்பு நோட்டு. கிராஃபில் அடுக்கடுக்காகத் தேடும் பி.எஃப்.எஸ். பற்றி என்னுடைய நோட்டில் இன்னும் இருக்கிற ஒரு வரி: ‘பி.எஃப்.எஸ்.: பார்த்தாச்சு என்று குறிப்பது க்யூவில் போடும்போதே. எடுக்கும்போது குறித்தால் ஒரே முனை பல தடவை உள்ளே வரும்.’ ஒரு முழு மாலை போனது அந்த ஒரு வரிக்காக, ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தப்பை நான் செய்ததே இல்லை.

தனியாகப் பயிற்சி செய்வது மட்டும் போதாது என்பதற்கும் ஒரு ஆய்வு இருக்கிறது. நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து 2020இல் 48 பேரை வைத்துச் செய்தது. பாதிப் பேர் தனி அறையில் ஒயிட்போர்டில் எழுதினார்கள், மீதிப் பேர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, யோசிப்பதைச் சொல்லிக்கொண்டே எழுதினார்கள். கேள்வி ஒன்றுதான். பார்க்கப்பட்டவர்களின் செயல்திறன் பாதிக்கும் கீழே போனது. சின்ன ஆய்வுதான், இருந்தாலும் தனியாக நன்றாகப் போடுகிறோம், அங்கே போனால் மட்டும் மூளை உறைந்துவிடுகிறது என்று சொல்கிற எல்லோருக்கும் இது சொந்த அனுபவம். இதை நான் அநியாயம் என்றே நினைக்கிறேன், தினசரி வேலையில் யாரும் நம் தோளுக்குப் பின்னால் 45 நிமிடம் நின்று பார்ப்பதில்லை. ஆனால் முறை மாறும்வரை இதற்கும் தனியாகப் பழகித்தான் ஆக வேண்டும். நண்பர் ஒருவரை உட்காரவைத்து மாக் இன்டர்வியூ (ஒத்திகை) செய்யுங்கள், எட்டுப் பத்து தடவையாவது. முதல் மூன்று தடவை நாக்கு குழறும், பேசினால் யோசிக்க முடியாது, யோசித்தால் பேச்சு நின்றுவிடும். நான்காவது, ஐந்தாவதில் சரியாகிவிடும். ஆள் கிடைக்காவிட்டால் உங்களையே ரெக்கார்டு செய்து கேளுங்கள், கேட்கவே கஷ்டமாக இருக்கும், அப்படியும் கேளுங்கள். யோசிக்க நேரம் வேண்டுமென்றால் “ஒரு நிமிஷம் யோசிச்சுட்டுச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு அமைதியாக இருப்பதில் தப்பே இல்லை. சொல்லாமல் பத்து நிமிடம் அமைதியாக இருந்தால்தான் எதிரில் இருப்பவருக்கு எழுத ஒன்றும் இருக்காது.

சில வருட அனுபவம் ஆனவர்களுக்கு சிஸ்டம் டிசைன், அதாவது ஒரு பெரிய மென்பொருள் சேவையை வடிவமைத்துக் காட்டும் சுற்று வரும், நீங்கள் எந்த லெவலில் சேர்க்கப்படுவீர்கள் என்பதைப் பெரும்பாலும் இதுதான் தீர்மானிக்கும். இங்கே பலரும் செய்கிற தவறு, கேள்வியைக் கேட்டவுடன் லோட் பேலன்சர், கேஷ் (அடிக்கடி கேட்கப்படுவதைக் கைவசம் வைத்திருக்கும் வேகமான சேமிப்பு), காஃப்கா என்று பெட்டி பெட்டியாக வரைய ஆரம்பிப்பது. ஏன் அந்தப் பெட்டி என்று கேட்டால் பதில் இருக்காது. பதில் எண்களில் இருக்கிறது. நீளமான இணைய முகவரியைச் சுருக்கித் தரும் சேவையை வடிவமைக்கச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை புது முகவரி வரும் என்று கேளுங்கள். பத்துக் கோடி என்கிறார்கள். ஒரு நாளில் 86,400 வினாடி, ஆக வினாடிக்கு 1,150 சொச்சம் பதிவு. ஒன்றை எழுதினால் நூறு தடவை படிக்கப்படும் என்று வைத்தால் வினாடிக்கு ஒரு லட்சத்துக்கு மேல் படிப்பு, ஆகவே கேஷ் தேவை, இப்போது அந்தப் பெட்டிக்குக் காரணம் கிடைத்துவிட்டது. சுருக்கிய குறியீடு எத்தனை எழுத்து? ஆங்கிலச் சிறிய எழுத்து, பெரிய எழுத்து, இலக்கங்கள் சேர்ந்து 62. ஆறு எழுத்து வைத்தால் 5,680 கோடி சேர்க்கைகள், கேட்கப் பெரிதாக இருக்கிறது, ஆனால் நாளுக்குப் பத்துக் கோடி என்றால் 568 நாளில் தீர்ந்துவிடும். ஏழு எழுத்து வைத்தால் மூன்றரை லட்சம் கோடி, 96 வருடம் தாங்கும். ஒரே ஒரு எழுத்து கூடியதில் ஒன்றரை வருடம் ஒரு நூற்றாண்டாகிறது. இந்தக் கணக்கைப் போர்டில் போட்டுக் காட்டிவிட்டு “அதனால் ஏழு” என்று சொல்கிறவரும், “ஏழு எழுத்து வைக்கலாம்” என்று மனப்பாடமாகச் சொல்கிறவரும் குறிப்பில் ஒரே மாதிரி இருக்க மாட்டார்கள்.

பழைய வேலை அனுபவங்களைக் கேட்கும் பிஹேவியரல் சுற்றைப் பலர் பேச்சுக்கான சுற்று, பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். அமேசானில் இதற்கென்றே 16 தலைமைப் பண்புகள் எழுதி வைத்திருக்கிறார்கள், 2021வரை 14 இருந்தது. கேள்வி கேட்பவர் ஒவ்வொருவருக்கும் அதில் சிலவற்றைப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள், அவர் அதற்கான ஆதாரத்தைத்தான் உங்கள் பேச்சில் தேடிக்கொண்டிருப்பார். சூழல், பொறுப்பு, செய்தது, விளைவு என்ற நான்கு படியில் கதை சொல்லச் சொல்வார்கள், ஸ்டார் முறை என்று பெயர். முறை எளிது, விழுகிற இடம் வேறு. “நாங்க அந்த சர்வீஸை மாத்தி எழுதினோம், வேகம் கூடிச்சு.” இந்த வாக்கியத்தில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? எவ்வளவு வேகம்? “மாத்தணுமா வேண்டாமான்னு டீமில் இரண்டு கருத்து இருந்துச்சு. நான் ஒரு வாரம் லாக் எடுத்துப் பார்த்தேன், தாமதத்தில் முக்கால்வாசி ஒரே ஒரு டேட்டாபேஸ் தேடலில் இருந்துச்சு. முழுசா மாத்தி எழுத வேண்டாம், அந்தத் தேடலை வேகமாக்க ஒரு இண்டெக்ஸ் போதும்னு காட்டினேன். நாலு வினாடி எடுத்த பக்கம் 800 மில்லிவினாடிக்கு வந்துச்சு.” இது குறிப்பில் அப்படியே ஏறும். இந்த மாதிரி ஏழெட்டுக் கதைகளை உங்கள் வேலையிலிருந்து தோண்டி எடுத்து எழுதி வையுங்கள், அதில் குறைந்தது இரண்டு தோல்விக் கதையாக இருக்கட்டும், நிஜமான தோல்வி. “நான் ரொம்ப அதிகமா உழைச்சுடுவேன்” போன்றவை எந்தக் காலத்திலும் எடுபட்டதில்லை. கதையைக் கட்டிவிடவும் வேண்டாம், மூன்றாவது துணைக்கேள்வியில் பிடித்துவிடுவார்கள்.

ஏஐ வந்த பிறகு இதெல்லாம் மாறிவிட்டதே என்று கேட்கலாம். மாறிக்கொண்டிருக்கிறது. திரைக்கு வெளியே இன்னொரு ஜன்னலில் விடையை வாங்கிப் படிக்கிறவர்கள் கூடியதால், குறைந்தது ஒரு சுற்றையாவது நேரில் நடத்துவது பற்றி கூகுளின் சுந்தர் பிச்சை 2025இல் பேசினார். அதே வருடம் மெட்டா நேர் எதிர்த் திசையில், ஏஐ உதவியோடு கோட் எழுதும் இன்டர்வியூவைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கியது. இரண்டு பாதையிலும் உங்களிடம் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: முன்னால் இருக்கிற கோடு ஏன் சரி, எங்கே உடையும் என்று உங்கள் வாயால் சொல்ல முடிகிறதா.

ரெக்ரூட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் உங்கள் எதிரி இல்லை, நீங்கள் தேர்வானால் அவருக்கும் அது வேலை முடிந்த கணக்குதான். எத்தனை சுற்று, ஒவ்வொன்றிலும் எதைப் பார்ப்பார்கள், கோடை ஓட்டிப் பார்க்க முடியுமா வெறும் எடிட்டர்தானா, எந்த லெவலுக்கு என்னைப் பார்க்கிறீர்கள் என்று கேளுங்கள், பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். தயாராக இல்லையென்றால் மூன்று நான்கு வாரம் தள்ளிக் கேட்பதிலும் தயக்கம் வேண்டாம், ஏனென்றால் நிராகரிக்கப்பட்டால் மறுபடி விண்ணப்பிக்கப் பல இடங்களில் ஆறு மாதமோ ஒரு வருடமோ காத்திருக்க வேண்டும்.

அப்புறம், கால் முடிந்த அடுத்த அரைமணி நேரத்தில் நீங்களும் ஒரு குறிப்பு எழுதுங்கள், உங்களுக்காக மட்டும். கேட்டவர் அந்தப் பக்கம் எழுதிக்கொண்டிருக்கிற அதே நேரத்தில். முதலில் என்ன சொன்னேன், எங்கே ஹின்ட் வாங்கினேன், எந்த எட்ஜ் கேஸ் (காலிப் பட்டியல் போன்ற விளிம்பு நிலை) விட்டுப்போனது. என் முதல் ரிஜெக்ஷனுக்குப் பிறகு ரொம்பத் தாமதமாக, ஞாபகத்திலிருந்து அப்படி ஒன்று எழுதிப் பார்த்தேன். ‘கேள்வி கேட்டது 5ஆவது நிமிடம். நான் வாயைத் திறந்தது 27ஆவது நிமிடம்’ என்று அதன் முதல் வரி இருந்தது.